இடப்பக்கத்துத் துளைகள்

ஜூன் 12

என் அருமைத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டாய். கடிதத்தையாவது பிரிப்பாய் அல்லவா?

ஐந்து வருஷமாக நீ என்னோடு பேசவில்லை. குழந்தையை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் அம்மா வீட்டில், நீ குளித்துவிட்டு வருவதற்குள். அவளுக்கு என் மூக்கு. அதற்காகவாவது கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா?

விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வேடு முடிந்துவிட்டது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் காறை எலும்பு, அதில் இருநூறை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அளந்து என் கண்ணே பூத்துப்போனது. செப்டம்பரில் வாய்மொழித் தேர்வு. உடற்கூறியலில் டாக்டர் பட்டம் வாங்கும் முதல் ஆள் நம் வீட்டில் நான்தான் என்று அம்மா இப்போதே பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஒரு சின்ன உதவி வேண்டும். இந்த எலும்புகளை என்னைத் தவிர இன்னொருவரும் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டுமாம். இரண்டாம் பார்வையாளர் என்று பெயர். நீ இங்கே வேலை பார்த்தபோது அவற்றை எடுத்துப் புழங்கியவள்தானே. உறுதிமொழித் தாளை இணைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு, கண்ணே.

பாசத்துடன்,
உன் அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. குழந்தைக்கு உன் மூக்கு என்று எழுதியிருக்கிறாய். மூக்கோடு நின்றுவிடட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உனக்கு மறதி அதிகம் என்பதால் ஞாபகப்படுத்துகிறேன். காறை எலும்பு என் தலைப்பு. அந்தத் துறையில் மூன்று வருஷம் பயிற்றுநராக இருந்து, எலும்பு அறையின் தூசியைத் தின்று, ஒரு நோட்டு நிறைய அளவெடுத்து வைத்திருந்தேன். பேராசிரியரிடம் டாக்டர் பட்ட ஆய்வுக்கு ஒரே ஒரு இடம்தான் காலி, அதை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் வயிற்றில் இவள் வந்தாள். ரத்தம் போகிறது, ஏழு மாதம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் இடத்தைத் தள்ளிவைக்கும்படி கடிதம் எழுதி, நோட்டையும் சேர்த்து உன் கையில்தான் கொடுத்தேன். என் தலையைக் கோதிக்கொண்டே நீ என்ன சொன்னாய் தெரியுமா?

"நீ எதையும் நெனச்சுக்காத. நானே நேர்ல குடுத்துடறேன்."

நேரில்தான் போனாய். என் கடிதத்தைக் கொடுக்கவில்லை, உன் விண்ணப்பத்தைக் கொடுத்தாய். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வேறு யாராவது செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது நான் பிசியோதெரபிக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு எலும்பின் பெயர் சொல்லிக் கொடுக்கிறேன். பிளாஸ்டிக் எலும்பு. உடைந்தால் புதிது வாங்குவார்கள்.

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்பது நான் உன்னிடம் கற்ற பாடம். அத்தியாயத்தை அனுப்பு, பார்க்கிறேன்.

தங்கை

ஜூலை 1

அன்புத் தங்கைக்கு,

திட்டியாவது எழுதினாயே, அதுவே எனக்குப் போதும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இடம் எப்படியும் உன் கையை விட்டுப் போயிருக்கும். வாசலில் நாலு பேர் காத்திருந்தார்கள். வெளியாளுக்குப் போவதைவிட வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்றுதான் செய்தேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம். நீ இருந்த நிலையில் சொல்லத் தைரியம் வரவில்லை.

அத்தியாயம் இதோடு வருகிறது. நான் புதிதாகக் கண்டுபிடித்ததை நீ மெச்சுவாய். தோளுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் மெல்லிய நரம்பு ஒன்று காறை எலும்புக்கு மேலே ஏறி இறங்கும் அல்லவா? அபூர்வமாகச் சிலருக்கு அது எலும்பையே துளைத்துக்கொண்டு போகும். நூறு எலும்பில் இரண்டு மூன்று இருந்தால் அதிகம் என்கின்றன புத்தகங்கள். என் இருநூறில் முப்பத்தொன்று. அதிலும் வேடிக்கை, அத்தனையும் இடப்பக்கத்து எலும்புகள். வலப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. கரு வளரும்போதே இடப்பக்கம் ஏதோ நடக்கிறது என்று இருபது பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது.

கோபித்துக்கொள்ளாதே, உன் நோட்டில் இந்தத் துளைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. மூன்று வருஷம் அதே எலும்புகளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாய், உன் கண்ணில் படவில்லை. எனக்குப் பட்டது. படிப்பு என்பது அளப்பது மட்டும் இல்லை, பார்க்கவும் தெரிய வேண்டும். இடம் யாருக்குப் போயிருக்க வேண்டுமோ அவர்களுக்குத்தான் போயிருக்கிறது என்று இப்போது எனக்கு மனசு ஆறுகிறது. உனக்கும் ஆறட்டும்.

உன் அக்கா

ஜூலை 9

அக்கா,

இது அனுப்புவதற்காக எழுதும் கடிதம் இல்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தொன்று என்று படித்ததும் நான் சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்துபோய் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அந்த முப்பத்தொரு துளைகளையும் போட்டவள் நான்.

செய்முறைத் தேர்வு அன்று மேசையில் எலும்புகளை வரிசையாக வைத்து எது எது என்று கேட்போம். காறை எலும்பு ஒரு சாண்கூட இருக்காது, பிள்ளைகள் கோட்டுப் பையில் போட்டால் தெரியாது. வருஷத்துக்கு ஐந்தாறு காணாமல் போகும். துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு ஏதாவது செய் என்றார். தச்சரிடம் கை ட்ரில்லை வாங்கிவந்து எலும்பின் மேல் விளிம்பில் இரண்டு மில்லிமீட்டரில் துளை போட்டேன். நூல் அறுந்துவிடாமல் இருக்க உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்து, நூல் கோத்து, மேசை ஆணியில் கட்டினேன். முதலில் இடப்பக்கத்து எலும்புகளை எடுத்துக்கொண்டேன். முப்பத்தொன்று முடிந்தபோது தலை சுற்றிக் கீழே உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் இவள் வந்திருப்பது தெரிந்தது. அடுத்த வாரமே படுக்கை. வலப்பக்கத்தை ஆரம்பிக்கவே இல்லை. என் நோட்டு அதற்கு முந்தைய வருஷத்தது. அதில் துளை எப்படி இருக்கும்?

புதுக் கட்டடத்துக்கு மாறும்போது யாரோ நூலைக் கத்தரித்து எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் கொட்டியிருக்கிறார்கள். நீ திறந்தது அந்தப் பெட்டி. கருவில் இடப்பக்கம் ஏதோ நடக்கிறதாம். நடந்தது என் மசக்கை.

நரம்பு போகும் துளை சாய்ந்து போகும். ட்ரில் போட்டது நேராகப் போகும். ஒரு கம்பியை நுழைத்துப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். முப்பத்தொன்றும் ஒரே அளவு என்று நீயே அட்டவணை போட்டிருக்கிறாய். அப்போதுகூட உறைக்கவில்லை. பார்க்கத் தெரிந்தவளாம்.

உன்னிடம் சொல்லப் போவதில்லை. கையெழுத்துப் போடப் போகிறேன். பொய்க் கையெழுத்து என்று தெரிந்தேதான் போடுகிறேன். வெளித்தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். அந்த நேரம் சபை நடுவே உன் முகத்தை நான் பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த மாதிரி இருக்கிறது எனக்கு. இந்த ஒரு காட்சி போதும்.

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். என் கண்ணில் படாததை நீ பார்த்திருக்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு யோசனை. துளையுள்ள எலும்புகள் முப்பத்தொன்றையும் வாய்மொழித் தேர்வு அன்று மேசையில் பரப்பி வை. படத்தில் பார்ப்பதைவிடக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தேர்வாளருக்கு அருமை தெரியும். நானும் அம்மாவும் வருகிறோம். முன்வரிசையில் இடம் பிடித்து வை.

அன்புடன்,
தங்கை

செப்டம்பர் 28

என் தங்கமே,

இனி நான் டாக்டர்.

நீ சொன்னபடியே எலும்புகளைப் பரப்பி வைத்தேன். தேர்வாளர் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் துளை வழியாகப் பார்த்தாரே, கவனித்தாயா? ஏதோ தப்பு சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இத்தன வருஷமா இது எங்க ஒளிஞ்சிட்டிருந்துச்சும்மா?" என்றார். எலும்பு அறுவை டாக்டர் ஒருவர், இனி இடப்பக்கத்து எலும்பு முறிந்து வந்தால் கத்தி வைக்கும் இடத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது என்றார். கட்டுரையும் அச்சாகிவிட்டது. அடுத்த வாரம் உங்கள் கல்லூரியிலேயே சிறப்புரைக்கு அழைத்திருக்கிறார்கள்.

எல்லாரும் கைதட்டியபோது நீ மட்டும் அழுதுகொண்டிருந்தாய். மேடையிலிருந்து பார்த்தேன். பழசையெல்லாம் மறந்துவிட்டாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் மனசு உருகிவிட்டது.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். கொஞ்ச நாளில் எனக்கும் வழிகாட்டியாக இருக்க அனுமதி வந்துவிடும். முதல் இடம் உனக்குத்தான். தலைப்பைக்கூட யோசித்துவிட்டேன், அதே நரம்புத் துளைகள், கூடுதல் எலும்புகளில். நான் சொல்லித் தருகிறேன். எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைப் பழகிக்கொண்டால் நீயும் முடித்துவிடுவாய். விண்ணப்பப் படிவம் இணைத்திருக்கிறேன். பேராசிரியர் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரை நானே எழுதிவிட்டேன்.

என்றும் உன்,
அக்கா

அக்டோபர் 17

அக்காவுக்கு,

இதோடு ஜூலை ஒன்பதாம் தேதி எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தையும் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. படித்துவிட்டு எலும்பு அறைக்குப் போய் ஒரு கம்பியை நுழைத்துப் பார். பிறகு இதற்கு வா.

பார்த்தாய் அல்லவா?

அன்று நான் அழுதது பாசத்தில் இல்லை. அவர் எலும்பை வெளிச்சத்தில் பிடித்தபோது இதோ, இதோ என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவர் பாராட்டினார். வைத்த பொறியில் எலி விழவில்லை, எலிக்கு மாலை போட்டார்கள். அந்த ஆத்திரத்தில் அழுதேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கையெழுத்து என்னுடையது, சொன்னால் நானும் சேர்ந்துதான் மாட்டிக்கொள்வேன். நீ எங்கள் கல்லூரிக்கு வந்து பேசினாய். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். போன வாரம் மாதத் தேர்வு. நாற்பது பிள்ளைகளில் இருபத்தாறு பேர், இடது காறை எலும்பில் மூன்றில் ஒருவருக்கு நரம்புத் துளை உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் படமும் வரைந்து நரம்புக்கு மஞ்சள் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். நான் போட்ட துளைக்கு நானே மதிப்பெண் போட வேண்டிய நிலை. சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தப்பு என்று போட்டால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்று போட்டால் அவர்கள் நாளைக்கு நோயாளியின் தோளைத் தொடும்போது அதை நம்பித் தொடுவார்கள். அந்த டாக்டர் கத்தியை வேறு இடத்தில் வைக்கப்போவதாகச் சொன்னாரே, அவருக்கு முன்னால் படுத்திருக்கப் போவது நீயும் இல்லை, நானும் இல்லை.

எல்லாவற்றுக்கும் தப்பு என்று போட்டேன்.

மனசாட்சி உறுத்திச் சொல்கிறேன் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். பாதி அது. மீதி வயிற்றெரிச்சல். உன் படிவத்தைப் பார்த்த பிறகு எரிச்சல்தான் அதிகம். நான் போட்ட துளைகளை எப்படிப் பார்ப்பது என்று எனக்கே சொல்லித் தரப்போகிறாயாம். அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் சும்மா இருந்திருப்பேன்.

பல்கலைக்கழகத்துக்கும் ஆய்விதழுக்கும் எழுதிவிட்டேன். ட்ரில் கொடுத்த தச்சர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார், கேட்டால் சொல்வார். இரண்டாம் பார்வையாளர் தெரிந்தே பொய்க் கையெழுத்துப் போட்டாள் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். என் முதல்வரிடமும் இன்று காலை சொல்லிவிட்டேன். மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். எந்த இடத்திலும் இனி என்னை ஆய்வுக்குச் சேர்க்க மாட்டார்கள், அதுவும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்தக் கடிதங்கள் நாலு நாளைக்கு முன்னாலேயே போய்விட்டன. இது உன் கைக்கு வருவதற்குள் உனக்கு அங்கிருந்து அழைப்பு வந்திருக்கும். முதலில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லியிருக்கலாம். நீயும் சொல்லியிருக்கலாம்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. வாய்மொழித் தேர்வு அன்று தேர்வாளரோடு நீ நிற்கும் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அவளிடம் நீயே நேரில் போய்ச் சொல்லிவிடு.

தங்கை