பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

ஜூலை 18, வெள்ளி

ஆடிக் காற்று. ஷட்டரைப் பாதி இறக்கியும் ஸ்டிக்கர் ரோல் எல்லாம் உருண்டு ஓடுகிறது. மழைதான் இல்லை.

காலையில் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஹார்டு டிஸ்க்கைக் காணோமாம். தேதியும் என்றைக்கோ போன ஒரு வருஷத்தைக் காட்டுகிறது. படுப்பதற்கு ஆடி மாதம்தானா கிடைத்தது? டிராக்டர், டெம்போ, மினி லாரி எல்லாம் முன்கண்ணாடியில் அம்மன் ஒட்டிக்கொள்ள வரும் மாதம்.

சேகர் அண்ணனுக்குப் போன். பதினைந்து வருஷமாக இந்த மிஷினுக்கு வைத்தியர் அவர்தான். கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தார். மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, உச்சுக் கொட்டினார்.

"பழைய உசுரு மலரு. கடைக்கு எடுத்துனு போய் ஒரு நாள் வச்சிப் பாத்தாத்தான் தெரியும்."

வண்டியில் வைத்துக் கட்ட நானே கயிறு பிடித்தேன்.

புதுசு வாங்கேன் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஸ்டிக்கர் வெட்டும் மிஷின் இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். புதிதில் அதன் ஒயரைச் சொருக ஓட்டையே கிடையாது.

வாங்க: பிளேடு, சிவப்பு ரோல், புளி. கேழ்வரகு மாவு வேண்டாம். மாமியார் போய் வருஷம் திரும்பவில்லை, இந்த ஆடிக்கு நமக்குக் கூழ் கிடையாது.

ஜூலை 19, சனி

சாயங்காலம் அண்ணன் கம்ப்யூட்டரோடு வந்தார்.

"ஹார்டு டிஸ்க் போயிடுச்சும்மா."

சொருகி, காதை வைத்துக் கேள் என்றார். டக், டக், டக். ஒரு நிறுத்தம். மறுபடி டக், டக்.

"கேக்குதா? உள்ள முள்ளு தட்டுது. இனிமே யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. என்னாலயே தாங்க முடில."

டீ கொடுத்தேன். பாதி குடித்து வைத்துவிட்டுப் போனார். பாவம் என்று நினைத்தேன்.

உள்ளே இருந்தவை (எழுதிப் பார்த்தால் மனசு ஆறும் என்று பார்க்கிறேன்):
சுத்துப்பட்டு ஊர் அம்மன் எல்லாம். உட்கார்ந்தவள், நின்றவள், நாக்கு நீட்டியவள், நீட்டாதவள்.
குதிரையோடு ஐயனார், குதிரை இல்லாத ஐயனார்.
கட்சிக் கொடி, எல்லாக் கட்சியும்.
நம்பர் பிளேட் எழுத்து.

மனசு ஆறவில்லை. நெட்டில் கிடைக்கும் பொது அம்மனை எங்கள் பக்கத்து டிராக்டர்காரர்கள் தொடமாட்டார்கள். "இது எங்க ஆத்தா மூஞ்சி இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவரவர் ஊர் முகம் வேண்டும். ஊர் ஊராகப் போனேன். பூசாரி விட்டால் போட்டோ. விடாவிட்டால் நின்று பார்த்து, மனசில் ஏற்றிக்கொண்டு வந்து, மவுஸைப் பிடித்து வரைந்தேன். தளவானூர் பக்கத்துச் சின்னக் கோயிலில் புதுப் பெயிண்ட் அடித்து முகமே மாறிவிட்டது. பழைய முகம் என் டிஸ்க்கில் மட்டும்தான். அந்த ஊர் டிராக்டர்காரர் மத்தியானம்தான் வந்து கேட்டுவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை வாங்க என்றேன். இனி என்ன சொல்ல?

காப்பி ஒன்று தனியாக எடுத்து வைக்கலாமா என்று அண்ணனிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "நான் இருக்கறப்ப அது இன்னாத்துக்கும்மா?"

ஜூலை 21, திங்கள்

தூக்கமில்லை. தலைவலி. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டுவதற்குப் பதில் நானே பிரித்துவிட்டேன். செத்ததற்கு மேல் என்ன சாகப் போகிறது. யூடியூபில் ஒரு பையன் பழைய கம்ப்யூட்டர் வைத்தியம் சொல்கிறான், நல்ல தமிழ்.

பார்த்தவை:
பட்டைக் கேபிள் மாற்றினேன். டக் டக்.
பவர் ஒயர் வேறு சொருகினேன். டக் டக்.
பின்பக்கம் குட்டியாக ஒரு கிளிப். இதுதான் முதல் டிஸ்க் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிளிப். சரியான இடத்தில்தான் இருக்கிறது. டக் டக்.
போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி. வாட்ச் கடையில் புதிது வாங்கிப் போட்டேன். தேதி சரியாக நின்றுவிட்டது!

இந்த பேட்டரி செத்தால், டிஸ்க் நன்றாக இருந்தாலும் கம்ப்யூட்டர் அதை மறந்துவிடும் என்கிறான் பையன். அப்படியானால் வெள்ளிக்கிழமை கிளம்பாததற்கு பேட்டரியே காரணமாக இருக்கலாம். அண்ணன் அதைப் பார்க்கவில்லையா? பார்த்திருப்பார். வேலை நெருக்கடியில் விட்டிருப்பார். ஆனாலும் டக் டக் நிஜம்தானே.

கடைசி வைத்தியம் குளிர். டிஸ்க்கைப் பாலிதீன் கவரில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சில சமயம் கொஞ்ச நேரம் உயிர் வருமாம். கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். மேலே வழக்கம்போல் குங்குமப் பொட்டு. ஆத்தா காப்பாத்து என்று மாவு டப்பா பக்கத்தில் வைத்தேன்.

பஸ் டூட்டி முடிந்து வந்த என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து, "இன்னா மலரு, கருவாடா?"

ஜூலை 22, செவ்வாய்

காலையில் கவரைப் பிரித்தேன். உள்ளே வியர்த்து ஈரம். கையெல்லாம் சிவப்பு. குங்குமம் குழைந்து விரலில் ஒட்டிக்கொண்டது.

சேலையில் துடைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

போன ஆயுத பூஜைக்கு நான் பொட்டே வைக்கவில்லை.

வருஷா வருஷம் வைப்பேன். கம்ப்யூட்டரைப் பிரித்து, பழைய பொட்டை ஈரத்துணியால் துடைத்து, ஃபேனுக்கு, போர்டு ஓரத்துக்கு, பவர் பெட்டிக்கு, ஹார்டு டிஸ்க்குக்கு என்று ஒவ்வொன்றுக்கும் புதுப் பொட்டு. போன வருஷம் எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். அன்று சாயங்காலம் மாமியார் போய்விட்டார். பூஜையும் இல்லை பொட்டும் இல்லை. வெறுமனே மூடியை மூடியதோடு சரி.

கடைக்கு ஓடினேன். ஃபேனில் பொட்டு இல்லை. போர்டில் இல்லை. பவர் பெட்டியில் இல்லை. டிஸ்க்கில் மட்டும் சிவக்கச் சிவக்க.

இது என் டிஸ்க் இல்லை. எங்கேயோ கிடந்த செத்த டிஸ்க்குக்குப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். திருடிக்கொண்டு போயிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். உட்கார்ந்து, குங்குமம் எடுத்து, பொட்டு வைத்திருக்கிறார்.

மாமியாரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன். எங்கள் வீட்டில் பூஜை இல்லை என்பதுகூட நினைவில்லை.

டிராக்டர்காரர் வந்தார். வெள்ளிக்கிழமை வாங்க என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ.

ஜூலை 23, புதன்

லேசாகத் தூறல். போனேன்.

அண்ணன் கடையில் பிரித்துப் போட்ட பிரிண்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். டிஸ்க்கை மேஜை மேல் வைத்தேன்.

"இது என்னோடது இல்லண்ணே."

"இன்னா பேசற? ஒன்னுதுதான். பொட்டு கூட இருக்குது பாரு."

"போன வருசம் நான் பொட்டே வைக்கல."

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"வச்சிட்டு மறந்துட்டிருப்பம்மா. சாவு வீட்டு டென்ஷன்ல."

என்னைப் பார்க்கவே இல்லை. பதினைந்து வருஷத்தில் இவர் கண்ணைப் பார்க்காமல் பேசி நான் கண்டதில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் போலீஸில் கம்ப்ளெயிண்ட் கொடுக்கலாம் என்கிறார். குங்குமத்தைக் காட்டினால் ஸ்டேஷனில் சிரிப்பார்கள்.

இனி இந்த நோட்டில் அண்ணன் கிடையாது. சேகர் என்றுகூட வேண்டாம், 'சே.' போதும்.

ஜூலை 25, வெள்ளி

சே. பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை போன மாதம் திண்டிவனம் ரோட்டில் ஸ்டிக்கர் கடை திறந்தார். ஏசி, கண்ணாடிக் கதவு. நமக்கென்ன, ஊரில் வண்டியா குறைச்சல் என்று வாழ்த்து சொல்லி அனுப்பினேன். இரண்டு நாளாக அதே யோசனை. இன்று போய்விட்டேன்.

மாப்பிள்ளை இல்லை. கவுண்டரில் ஒரு பெண், என்னைத் தெரியாதவள்.

"எந்த ஊரு அம்மன்க்கா வேணும்? சுத்துப்பட்டு எல்லாம் இருக்குது."

தளவானூர் பக்கம் என்றேன். திரையைத் திருப்பிக் காட்டினாள். நான் வைத்த பெயரைக்கூட மாற்றவில்லை. தளவானூர் பழசு, தளவானூர் பழசு திருத்தியது, தளவானூர் கடைசி. வரிசையாக என் பிள்ளைகள். அடுத்தவன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"இதுல எது வேணும்க்கா?"

"கடைசி."

வெட்டி, ரப்பர் போட்டுச் சுருட்டிக் கொடுத்தாள். நான் வரைந்த அம்மனை நானே வாங்கிக்கொண்டு வந்தேன். டிராக்டர்காரர் சாயங்காலம் வந்தார், கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் போனபிறகு ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். நன்றாக, சத்தமாக. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல.

சாப்பாடு: நேற்றைய குழம்பு.

ஜூலை 28, திங்கள்

காற்று மறுபடி. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு சே. வந்தார். கையில் மஞ்சள் பை. தளவானூர் கடைசியைக் கேட்டு ஒரு அக்கா வந்ததைக் கவுண்டர் பெண் சொல்லி மாப்பிள்ளைக்குத் தெரிந்து, அங்கிருந்து இவருக்குத் தெரிந்திருக்கிறது. உட்காருங்க என்று நான் சொல்லவில்லை. நின்றார்.

"மாப்ள கேட்டாரு மலரு. பொண்ணு வாழணும்ல. காப்பி மட்டும் எடுத்துத் தர்றேன்னுதான் சொன்னேன். ரெண்டு கடையிலயும் ஒரே அம்மன் இருந்தா இன்னா பிரயோஜனம்னுட்டாரு. நீ போன் பண்ண நேரம், சரி, இதான் சாக்குன்னு..."

"பொட்டு?"

"வருசா வருசம் வைப்பியே. கழட்டுனதுல இருந்துச்சா இல்லியான்னு நான் பாக்கவே இல்ல. இல்லாங்காட்டி சந்தேகப்படுவன்னு."

என் பழக்கம் அத்தனையும் தெரிந்த ஆளால்தான் இதைச் செய்ய முடியும். வேற்று ஆள் என்றால் பொட்டு வைக்கத் தோன்றியிருக்காது, நானும் கண்டுபிடித்திருக்கமாட்டேன்.

"ஒங்க பொண்ணுக்கு சீர் வைக்க என் வீட்டு அம்மன்தான் கெடச்சாளா?"

பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து வைத்தார். பொட்டில்லாத டிஸ்க். என்னுடையது. அவர் முன்னாலேயே நானே மாட்டினேன். கேபிள், பவர், கிளிப். எதையும் அவரைக் கேட்கவில்லை. டக் டக் இல்லை, வழுவழுவென்று சுற்றியது. ஆனால் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. காலி.

"மாப்ள ஃபார்மேட் அடிச்சிட்டாரும்மா. அவரு காப்பிய கேட்டேன், தரமாட்டேங்கறாரு. ஆனா மேலாக்கத்தான் அழிச்சிருக்குது. அடியில எல்லாம் அப்படியே கெடக்கும். நான் எடுத்துத் தர்றேன்."

வெளியே போங்க என்றேன். போனார். டிஸ்க்கை விட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 29, செவ்வாய்

விழுப்புரத்தில் இரண்டு கடை, திண்டிவனத்தில் ஒன்று, போனில் கேட்டேன். இந்தப் பழைய ரகம் நாங்கள் தொடுவதில்லை என்கிறார்கள். ஒருவன், "செஞ்சியிலயே சேகர்னு ஒருத்தர் இருக்காரே, அவர விட்டா ஆளில்ல" என்று எனக்கே சொல்கிறான்.

யூடியூப் பையனின் வழியில் நானே செய்யலாமா? ஒரு தப்பு அழுத்தினால் மேலே எழுதிவிடும், அப்புறம் அடியில் கிடப்பதும் போய்விடும் என்று அவனே எச்சரிக்கிறான். கை வரவில்லை.

வீட்டுக்காரர்: "திருடன்கிட்டயே சாவிய குடுக்கப் போறியா?"

மூன்று டிராக்டர் திரும்பிப் போனது இன்று. மூன்றும் திண்டிவனம் ரோடு பக்கமாகப் போயின.

சே.வுக்குப் போன் செய்தேன். டிஸ்க் என் கடையை விட்டு வெளியே போகாது என்றேன். சரி என்றார்.

ஜூலை 30, புதன்

வெயில். சே. காலையிலேயே லேப்டாப்போடு வந்துவிட்டார். நான் பக்கத்து ஸ்டூல். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொன்றாக மேலே வந்தன. படம் எல்லாம் பத்திரம். பெயர்தான் போய்விட்டது, வெறும் எண். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மறுபடி பெயர் வைக்க வேண்டும்.

"இது எந்த ஊரு?"

"வல்லம் தாண்டி."

"இது?"

"நாக்கப் பாத்தா தெரில? மேல்சித்தாமூர் போற வழி."

நான் சொல்ல, அவர் அடிக்க. பழையபடியே கை ஓடியது. ஒரு ஐயனாருக்குக் குதிரை மட்டும் வந்து ஐயனாரைக் காணோம், இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

அப்புறம் ஒன்று திறந்தது. அம்மன் இல்லை. வட்டமாக மல்லிகைக் கொடி, நடுவில் அவர் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும். கல்யாணக் காருக்கு ஒட்ட நான் வரைந்தது. நெட்டில் எடுக்காமல், ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாக. என் தங்கை பெண்ணுக்குக்கூட அப்படிச் செய்ததில்லை.

சே. கை மவுஸ் மேலேயே நின்றது. திரையைப் பார்த்தபடியே,

"இதுக்கு இன்னா பேரு வைக்க?"

"அழிச்சிடுங்க."

அழுத்தினார். நிச்சயமாக அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவர் விரல் நகரவில்லை. நான் கை நீட்டி ஆமாம் என்று அழுத்தினேன்.