சரிகை ஏறிய கைகள்

காஞ்சிபுரம்
ஜனவரி 9, 2025

அன்பு மகன் ரெஹானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கு மகன் பிறந்த செய்தியை சாய்மா போனில் சொல்லிவிட்டாள் என்றாலும், முறையாக எழுதித் தெரிவிப்பது என் கடமை. செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குப் பிறந்தான். மூன்று கிலோ நூறு கிராம். ஏழாம் நாள் உன் அப்பாவின் பெயரையே வைப்போம், ஷரீஃப் என்று.

ஆஸ்பத்திரி சுத்தம்தான். படுக்கை விரிப்பை மட்டும் இரண்டு முறை மாற்றச் சொன்னேன். ஏஞ்சல் என்ற லேப் பெண், தொப்புள்கொடி ரத்தத்தைக் குப்பியில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதற்கு என்று நிறுத்திக் கேட்டேன். "இங்க பொறக்கிற எல்லா கொழந்தைக்கும் கொழுப்பு எவ்ளோ இருக்குதுன்னு பாக்குறோம்மா. எப்படியும் தூக்கிப் போடப் போற கொடிதானே" என்றாள். எங்கள் வீட்டு ரத்தத்தில் தங்கம்தான் இருக்கும் என்றேன். "அப்படின்னா ஒரு ஜோடி கம்மலுக்கு எடுத்துக்கட்டுமா?" என்று சிரித்தாள்.

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நான்கு தலைமுறையாகச் சரிகை வியாபாரம் செய்த வீடு. நம்மவர்களின் விரல் முட்டிகளில் மஞ்சளாக எழும்பும் தடிப்புகளைப் பார்த்து, சரிகை ஏறிய கை என்று ஊரே சொல்லும். நான் மருமகளாக வந்த அன்று என் மாமியார், உன் தாதி, என் கையைத் திருப்பிப் பார்த்து, "கான்வென்ட்ல படிச்ச கைதான், ஆனா வெறுங்கை" என்றார். உனக்கு முப்பது வயதில் அது எழும்பியபோது தெரு முழுக்க இனிப்பு கொடுத்தேன். சாய்மாவை நான் தேர்ந்தெடுத்தது உன் அத்தை மகள் என்பதற்காக மட்டுமல்ல, அவள் கையும் நம் வீட்டுக் கை என்பதற்காகத்தான்.

குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். இன்னும் ஒன்றும் இல்லை. வரும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மி,
ரசியா


காஞ்சிபுரம்
ஜனவரி 22, 2025

ரெஹான்,

போனில் இரண்டு முறை சொல்லத் தொடங்கினேன். நீ சிரித்துப் பேச்சை மாற்றினாய். அதனால் நாளை ஷார்ஜாவுக்குத் திரும்பும் உன் சிநேகிதன் தப்ரேஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். கொடி ரத்தத்தில் எழுபதையொட்டி இருக்க வேண்டிய கொலஸ்ட்ரால், நம் குழந்தைக்கு முந்நூற்றுப் பத்து. குப்பி மாறியிருக்கும், மறுபடி பாருங்கள் என்று அதட்டினேன். குழந்தையின் கையிலிருந்தே எடுத்துப் பார்த்தார்கள். இன்னும் கூடியிருந்தது.

வீட்டு ஆண்கள் எந்தெந்த வயதில் காலமானார்கள் என்று எழுதித் தரும்படி டாக்டர் சுகாசினி கேட்டார். எழுதினேன். உன் தாதா நாற்பத்திரண்டு. பெரியப்பா முப்பத்தெட்டு. உன் அப்பா நாற்பத்தொன்று. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. இந்த வீட்டில் ஆண்கள் யாரும் கைத்தடி பிடித்து நடந்ததே இல்லை.

டாக்டர் சாய்மாவின் விரல் முட்டிகளைத் தடவிப் பார்த்தார். "இது சரிகை இல்லம்மா, கொழுப்பு. வெளிய முட்டியில தெரியறது உள்ள நெஞ்சுக் குழாயிலயும் படிஞ்சிக்கினே இருக்குது. அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாதான் கொழந்தைக்கு இவ்ளோ ஏறும்" என்றார். சாய்மா அழவில்லை. கைகளைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். மருந்து இருக்கிறதாம். இப்போதே தெரிந்தது நல்லதாம். அடுத்த வாரம் சென்னையில் பெரிய டாக்டரிடம் காட்டுகிறோம்.

பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான், தூங்குகிறான். விழித்திருக்கும்போது மட்டும், உன் தாதா, பெரியப்பா, அப்பா மூவரின் படங்களும் மாட்டிய சுவரையே பார்க்கிறான். ஜன்னல் வெளிச்சம் அங்கே விழுவதால்தான் என்று எனக்குத் தெரியும். நேற்று படங்களைக் கழற்றி வைத்தேன். சுவரில் அழுக்குப் படாத மூன்று சதுரங்கள் மிஞ்சின. அவற்றைப் பார்க்கிறான். தொட்டிலைத் திருப்பிப் போட்டேன். தலையைத் திருப்பிப் பார்க்கிறான்.

தவறு செய்தவள் எழுந்து நின்றுதான் சொல்ல வேண்டும் என்பார்கள் எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள். இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். நீ வேறு ஒரு பெண்ணைச் சொன்னாய். நல்ல பெண். அவள் கையைப் பார்த்துவிட்டு நான்தான் வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாய். என்ன என்று கேட்டதற்கு, "மாடி ஏறிக்கினு இருக்கேன் அம்மி, வேற ஒண்ணுமில்ல" என்றாய். உன் அறை தரைத்தளத்தில் இருக்கிறது என்று தப்ரேஸ் சொன்னான்.

இதைப் படித்ததும் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போ. வெறும் வயிற்றில் ரத்தம் கொடு. நெஞ்சையும் காட்டு. வேலை போனால் போகட்டும். உனக்கு முப்பத்தொன்பது வயது.

ஒவ்வொரு தொழுகையிலும் ஒன்றைத்தான் கேட்கிறேன். என் மகன் கிழவனாக வேண்டும். பல் விழ வேண்டும், காது மந்தமாக வேண்டும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி மருமகளிடம் திட்டு வாங்க வேண்டும். வேறெந்தப் பெருமையும் அவனுக்கு வேண்டாம்.

பதில் எழுத உட்காராதே. முதலில் போ.

அம்மி