பகைவன் அடுக்களையில் பெருந்தேவி

வளம் பொலிக. ஆறு வற்றாத வெண்கூர் நாட்டை ஆளும் நன்னம்பித் தேவர்க்கு, அவரைப் பெற்ற பெருந்தேவி கூத்தநங்கையார், மல்லவேளின் கோட்டைச் சிறையிலிருந்து வாழ்த்துரைத்து விடுத்த ஓலை.

தம்மை மீட்கத் தேவர் படை திரட்டுவதாகப் பெருந்தேவியார் கேள்வியுற்றார். அப்படை புறப்படலாகாது. காரணம் கேட்டருள்க.

சமைப்பவர் மனம் சோற்றில் இறங்கும், உண்பவர் நெஞ்சில் ஏறும், ஆதலால் பகைவன் சோறு தொடேன் என்று, சிறைப்பட்ட அன்றே பெருந்தேவியார் தனியடுப்புக் கேட்டார். அடுப்பு வந்தது; நஞ்சு காய்ச்சுவாரோ என்ற ஐயத்தில் மல்லவேளும் கூடவே வந்து உட்கார்ந்து, முதற்கவளத்தைத் தானே தின்று பார்த்தான். பயற்றங்குழம்பும் கீரையும் நெய்ச்சோறும்தான். முந்தைய நாள் மிஞ்சிய இறைச்சியும் கள்ளும் மிளகுக் காரமுமாய் உண்டு, கண் சிவந்து, யாரையேனும் அடிக்காமல் உறங்காதவன் மறுநாளும் வந்தான். பிறகு அழையாமலே இலை போட்டுக் காத்திருந்தான். மெல்ல மெல்ல அவனுள் தாமசமென்னும் மந்தம் கழிந்தது, இராசதமென்னும் வெறி தணிந்தது. கவர்ந்த நம் ஆநிரையைத் திருப்பியனுப்பியதும், எல்லையூர்களில் தீ வைப்பதை விட்டதும் அதன் பிறகே என்பதைத் தேவர் அறிவார். வேளின் வாளைப் பிடுங்கி அகப்பையைக் கொடுத்துவிட்டாள் கிழவி என்று காவலர் தம்முள் நகைப்பதும் உண்டு.

மனம் கனிந்தவன் விடுவான் என்றெண்ணிப் பெருந்தேவியார் ஊர் திரும்ப விடை கேட்டார். வேளோ, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பவன் போல, அம்மையே, நீர் போனால் என் பழைய சினம் வந்துவிடும், வந்தால் உம் மகன் நாட்டைத்தான் முதலில் எரிப்பேன், ஆகையால் இங்கேயே இரும் என்றான். சினந்து சொல்லியிருந்தால் மறுத்துப் பேச இடமிருந்திருக்கும்.

ஊசியதையும் காரத்தையும் அள்ளிப் போட்டால் அவனே துரத்திவிடுவானே, தேவி என்றாள் தோழி பூதி. ஊசிய சோற்றுப் பானையைப் பெருந்தேவியார் கையிலும் எடுத்தார். துரத்தியபின் அவன் குதிரை எந்தத் திசை போகும் என்று நினைத்து, பானையைக் கழுவிக் கவிழ்த்தார்.

வெறுப்போடு சமைத்தால் வெறுப்பும் சோற்றில் இறங்குமே. ஆகவே சினத்தையும் துயரையும் வாசலிலேயே விட்டுத்தான் அவர் அடுப்பங்கரைக்குள் நுழைகிறார். அழுவதற்கும் அவருக்கு வழியில்லை.

ஆதலின் படை கலைக. மீட்பென்ற பேச்சும் ஒழிக. பேரன் நடக்கத் தொடங்கியதைத் தேவர் எழுதிய ஓலை வந்த அன்று பெருந்தேவியாரால் உலை வைக்க இயலவில்லை. பசித்திருந்த வேள் அன்று மாலை ஒரு காவலனை அறைந்தான். இனிப் பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் எழுதலாகாது.

இது பெருந்தேவியார் ஆணை. இலச்சினை மோதிரம் வேளின் வசமிருப்பதால், அடுப்புக் கரியில் பெருவிரல் தோய்த்து ஒற்றியது.