நிஷா வாசித்த வாரம்

ஊரூர் குப்பம்,
சனிக்கிழமை.

அன்புள்ள அஸ்வினிக்கு,

நீ கேட்காமலே கடிதம் போடுகிறேன், மன்னித்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய், ஆனால் நீ கூப்பிட்டால் நிஷா போனை யாரிடமும் தருவதில்லை, எனக்கும் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து ஒரு வருஷம் ஆகியும் உன்னோடு நேராகப் பேசக் கூச்சம்தான். இங்கே அப்பாவும் நிஷாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறார்கள். ஓசூர்க் குளிரில் உனக்கு இழுப்பு வராமல் இருக்க வேண்டும். கடலில் மீன் இல்லை, அப்பா வெறும் வலையோடு வருகிறார்.

நிஷா இப்போது என் ஐந்தாம் வகுப்பில்தான் இருக்கிறாள். வீட்டில் என்னை எப்படியும் கூப்பிட மாட்டாள், பள்ளியில் மட்டும் மிஸ். திங்கட்கிழமை ஏரியைப் பற்றிய பாடம் ஆரம்பித்தேன், எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசித்தார்கள், அதில் யார் வாசிக்கிறார்கள் யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று தெரியாது, அதனால் மறுநாள் ஒவ்வொருவராக எழுப்பினேன். நிஷா ஒரு தடங்கல் இல்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தாள். அப்பாவிடம் சொன்னேன், அவர் "எம் பொண்ணு கலெக்டரு தான் போ" என்று சொல்லிக் கடற்கரைக்குப் போய்ப் பஜ்ஜி வாங்கி வந்தார்.

புதன்கிழமை அடுத்த பக்கம். கொக்கு கரைக்கு வந்தது என்று வாசித்தவள், அதே ராகத்தில், "இருடி, வார்டன் அக்கா வருது, ஆங், போய்ட்டாங்க" என்றும் வாசித்துவிட்டு, மழை பிடித்துக்கொண்டது என்று தொடர்ந்தாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஷோயப் என்ற பையன், "மிஸ், இது ரேடியோ மிஸ், ஸ்டேஷன மாத்துங்க" என்று கத்தினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பிறகுதான் அது உன் ஹாஸ்டலில் நீ பேசியது என்று உறைத்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அவள் விரல் வேறு பாடத்தில் இருந்தது. பலகையில் மீன் என்று எழுதி, இது என்ன என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த தமிழ்மொழி என்ற பெண்ணின் உதட்டைப் பார்த்தாள், பிறகு "ஏரி" என்றாள்.

உன்னைக் குறை சொல்லவில்லை அஸ்வினி. ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில், அவள் படமெடுத்து அனுப்பும் பக்கத்தை வாசித்துப் பதிவு செய்து அனுப்ப யாருக்கு மனம் வரும். அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டேதான் தூங்குகிறாள். ஒன்றாம் வகுப்பு அவளுக்குக் கொரோனாவில் போனிலேயே போயிற்று, அன்றிலிருந்து எல்லாவற்றையும் காதால்தான் படித்திருக்கிறாள். வியாழக்கிழமை பள்ளிக்கு வரவில்லை, படகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நேற்று எல்லோரும் போன பிறகு எழுத்து அட்டைகளை எடுத்து வைத்தேன், "நீங்க ஒண்ணும் சொல்லித் தர வேணாம், எங்கக்கா சொல்லும்" என்று எழுந்து போய்விட்டாள். அப்பாவோ, "இன்னாத்துக்கு அதப் போட்டு வறுக்கிற, அதான் ஒப்பிக்கிதே, நான் இன்னா படிச்சிக்கினா கடலுக்குப் போறேன்" என்கிறார். என் பிறந்த வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான், அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என் வீட்டுப் பிள்ளைக்கு ஓர் எழுத்தைக் கொடுக்க முடியவில்லை. ஜூன் மாதம் அடையாற்றில் பெரிய பள்ளி, ஆறாம் வகுப்பு. அங்கே யாரும் இவளுக்காகக் காத்திருக்க மாட்டார்கள், நாலு நாள் சிரிப்பார்கள், இவள் படகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிடுவாள். எனக்கு வழி தெரியவில்லை அஸ்வினி.

நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இன்ஹேலரைப் பையில் வைக்காதே, தலையணைக்கு அடியில் வை.

கேட்க வாய் வராததை இப்போது கேட்கிறேன். இனி அவளுக்குக் குரல் அனுப்பாதே. அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அதற்குப் பதில் தாளில் பெரிய எழுத்தாக இரண்டு வரி எழுதிப் போடு, என்ன எழுதினாய் என்று அவள் எவ்வளவு அழுதாலும் போனில் சொல்லிவிடாதே. உன் எழுத்து வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு அவள் யாரிடமாவது போய்த்தான் ஆக வேண்டும். என்னிடம் வராமலும் போகலாம். ஆனால் வீட்டில் நான்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் சித்தி என்று போட்டுக்கொள்ளும்
லாவண்யா