கறுப்பியின் வம்சம்

மட்டாஞ்சேரி,
11.1.2025

நௌஷிதாவின் வாப்பாவுக்கு,

சுல்ஃபத் எழுதுவது. சலாம். தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்கிற சலாத்தை உங்களுக்கு மட்டும் சொல்லாமல் விட்டால் பாவம் எனக்குத்தான் வரும், அதனால் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மலையாளம் எனக்கு எழுத்துக்கூட்டினாலும் ஓடாது, வழக்கம்போல உங்கள் மகள்தான் வாசித்தாள். நின்றுகொண்டே வாசித்தாள். நாலு பக்கம். அதில் மூன்று பக்கம் முழுக்க வல்லூறு. கறுப்பி இந்த வருஷமும் அதே கட்டட விளிம்பில்தான் இருக்கிறதா, முட்டையிடக் குழி பறிக்கத் தொடங்கிவிட்டதா, அதன் குஞ்சு எதுவும் வளர்ந்து பக்கத்தில் சுற்றுகிறதா, காலில் வளையம் இருந்தால் என்ன நிறம். நாலாம் பக்கத்தில், நோன்புக்கு முன்னால் ஜெயிலிலிருந்து வெளியே வந்துவிடுவேன் என்றும், என் தம்பி சலாவுதீனுக்கு ஒரு சேதியும். கடைசியில் ஒரு வரி, மகளுக்குச் சுகம்தானே என்று. அவள் அதையும் வாசித்துவிட்டு, "ஆமான்னு எழுதிடு உம்மா" என்று சொல்லி, மடித்து என் கையில் தந்துவிட்டாள். எழுதிவிட்டேன். சுகம்.

நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. மேலப்பாளையத்தில் எட்டாவது வரை படித்த படிப்பு இன்றைக்குத்தான் எனக்கு உதவுகிறது. உங்கள் வாப்பாவின் கடையில் தமிழ்ப் பேப்பர் வாசித்து வளர்ந்தவர்தானே நீங்கள், மெதுவாக வாசித்தால் விளங்கும். அங்கே கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் இந்த எழுத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு முத்திரை குத்திவிடுவார்கள். வாசித்தாலும் வாசிக்கட்டும்.

சலாவுதீனுக்கு நீங்கள் அனுப்பிய சேதியைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. 'புறாக்கூட்டில் பூனை புகுந்தால் நௌஷாத் என்ன செய்வான் என்று அவனுக்குத் தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு என்ன, எனக்கே தெரியும். சாக்கில் கட்டி, துடுப்பால் அடித்து, காயலில் எறிந்தீர்கள். அந்தச் சாக்கைத் தேடி எடுத்துத் தந்தவளே நான்தான். என் தம்பியையும் அப்படிச் செய்யக்கூடியவர் நீங்கள், சந்தேகமே இல்லை. அதற்கு முன்னால் கொஞ்சம் பொறுத்து இதை முழுவதும் வாசியுங்கள்.

நீங்கள் கேட்டதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கறுப்பி செத்துவிட்டது.

டிசம்பர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சுக்குக் கிடங்கின் முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தோம். மூக்கம்மாள்தான் முதலில் பார்த்தாள். "அடியே சுல்ஃபத்து, ஒன் சக்களத்தி அடிபடுறாடி!" என்று கத்தினாள். கிடங்கில் எல்லோரும் கறுப்பியை எனக்குச் சக்களத்தி என்றுதான் சொல்வார்கள், நீங்கள் அதன்மேல் வைத்திருந்த பிரியம் அப்படி. வழக்கில் பாதியில் நின்றுபோன அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்துக்கு மேலே இரண்டு வல்லூறுகள் காலோடு கால் கோத்துக்கொண்டு சுழன்று கீழே வந்தன. கம்பியும் ஜல்லியும் கிடக்கிற இடத்தில் விழுந்தன. விழுந்த பிறகும் விடவில்லை. மத்தியானச் சோற்றுக்கு விட்டபோது நான் போய்ப் பார்த்தேன். கறுப்பியின் கழுத்தில் ஒரு பக்கம் சதையே இல்லை. ஒரு கண்ணை எறும்பு மொய்த்துவிட்டது, மற்றது திறந்து கிடந்தது. எனக்குப் பாவமாக இல்லை என்று சொன்னால் பொய், சந்தோஷமாக இல்லை என்று சொன்னாலும் பொய்.

கொன்றது யார் தெரியுமா? அதன் மகள்தான். நீங்கள் பிடிபட்ட அந்த ஏப்ரலில் மீட்ட இரண்டு குஞ்சுகளுக்கும், களமசேரியிலிருந்து வந்த பறவைக்காரர்கள் பச்சை வளையம் போட்டுத் திரும்ப விளிம்பில் கொண்டுபோய் வைத்தார்களே, அதில் ஒன்று. மூன்று வருஷம் எங்கே சுற்றியதோ, திரும்பி வந்து தாயைத் தின்று அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பெண் குஞ்சு இப்படிப் பிறந்த இடத்துக்கே வருவது அபூர்வம் என்று பறவைக்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். ஆண் எது என்று எனக்குத் தெரியாது. உங்கள் நோட்டிலும் ஆணுக்குப் பெயர் கிடையாது.

அந்த நோட்டைக் கோர்ட்டில் காட்டியபோது நான் பின்பெஞ்சில் இருந்தேன். புறாவுக்கு எழுதுகிற மாதிரியே லைன் லைனாக எழுதியிருந்தீர்கள். எந்தத் தேதியில் பொரித்தது, எந்தத் தேதியில் கண் திறந்தது, எந்தத் தேதியில் எடுத்தது, யார் கைக்குப் போனது. வேட்டைக்குப் பழக்க வாங்குகிற அரபிக்குத் தாய் யார் என்று தெரிய வேண்டுமாம். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு பார்த்தார். அவ்வளவு அழகான கையெழுத்து. அதே நீங்கள், ஆஸ்பத்திரியில் நௌஷிதாவின் பிறந்த தேதியைக் கேட்டபோது என் முகத்தைப் பார்த்தீர்கள்.

புறாக்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மாடியிலிருந்த கூட்டைத் திறந்துவிட்டேன். பாதியைக் கறுப்பி பிடித்துத் தின்றது. மீதி எங்கே போனதோ. அந்த இடத்தில் இப்போது பறவைக்காரர்கள் மூன்று கால் வைத்த ஒரு பெரிய குழாய்க் கண்ணாடியை நிறுத்தியிருக்கிறார்கள். எந்த வல்லூறு எதன் மகள், எது எங்கே போனது, எது திரும்பியது என்று அவர்களும் வம்சம் எழுதுகிறார்கள். எழுதிக்கொடுப்பது நௌஷிதா. பள்ளிக்கூடம் விட்டால் நேரே மாடிக்குத்தான். செத்தது கறுப்பி, கொன்றது அதன் மகள் என்று வளையத்தின் நம்பரை வாசித்துச் சொன்னதும் அவள்தான். அன்றைக்கு நான் சாயா கொண்டுபோனபோது, கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டே, "இதுக்கு ஒரு கண்ணு போதும் உம்மா" என்று சிரித்தாள். சாயாவைக் கீழே வைத்துவிட்டு நான் இறங்கி வந்துவிட்டேன்.

அந்தச் சொல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நான் ஞாபகப்படுத்துகிறேன். கோர்ட்டில் என்னை யாரும் பேச விடவில்லை, இப்போது பேசிக்கொள்கிறேன்.

முதல் வருஷம் அவளுக்கு ஒன்பது வயது. உங்கள் எடைக்குப் பன்னிரண்டாம் மாடி விளிம்பு தாங்காது, வெளி ஆளைச் சேர்த்தால் வாய் நீளும், அதனால் குஞ்சுகளை எடுக்கப் பெற்ற பிள்ளையின் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கினீர்கள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அது வீட்டில் கறிச்சோறு. நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் வருஷமும் திறக்கவில்லை. மூன்றாம் வருஷம் கறுப்பி பாய்ந்து வந்து அவள் முகத்தில் அடித்தது, இடது கண் போனது. தூண்டில் முள் குத்திவிட்டது என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னீர்கள். அதையும் சொன்னேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத நீயெல்லாம் ஒரு தாயா என்று டாக்டர் என்னைத்தான் ஏசினார். நீங்கள் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினீர்கள்.

எட்டாம் நாள். கட்டுக்கூடப் பிரிக்கவில்லை. மேலே இன்னும் இரண்டு இருக்கிறது, விட்டால் பறந்துவிடும் என்றீர்கள். நான் உங்கள் காலைப் பிடித்தேன். நீங்கள் சாயாவை ஊதிக்கொண்டே, "ஒரு கண்ணு தெரியுதுல்ல, அது போதும். கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு" என்றீர்கள். அவள் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை.

மறுநாள் கிடங்கில் மூக்கம்மாளின் போனை வாங்கிக் காட்டிலாகாவுக்குப் பேசியது நான். சலாவுதீன் இல்லை, நான். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பூனை நான்தான்.

இதோடு நிறுத்திவிடலாம். நிறுத்தினால் நான் நல்லவளாகிவிடுவேன். அதனால் மீதியையும் சொல்கிறேன்.

போனில் பேசிய அதிகாரி, பறவையோடு கையும் களவுமாகப் பிடித்தால்தான் கேஸ் நிற்கும் என்றார். மேலே யார் இறங்குவது என்று கேட்டார். என்னைக் கட்டின மாப்பிள்ளைதான் என்றேன். கண்ணில் கட்டுப்போட்ட பதினொரு வயதுப் பிள்ளை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓடிவந்து தடுத்திருப்பார்கள். நீங்கள் ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்திருப்பீர்கள், மறுபடி கயிற்றை எடுத்திருப்பீர்கள். எனக்கு நீங்கள் பல வருஷம் உள்ளே இருக்க வேண்டும். அதற்காக, தெரிந்தே அவளை இறக்க விட்டேன். அன்று காலையில் அவளுக்குக் கஞ்சி கொடுத்து, தலை பின்னி, கட்டின் மேல் துணி சுற்றி உங்களோடு அனுப்பினேன். "உம்மா, நானு போமாட்டேன்" என்று என் முந்தானையைப் பிடித்தாள். விரலை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

நீங்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. தோப்பும்படி ஹார்பரில் மீன் ஏலத்தில் நின்ற சலாவுதீனுக்குப் போன் செய்து, கயிற்றுப் பக்கத்தில் போய் நில்லுடா என்றேன். ஏன் என்றான். சொன்னேன். போனை வைத்துவிட்டு ஓடினான். அதிகாரிகளோடு படியேறி வந்தவனை நீங்கள் பார்த்தீர்கள், அவன்தான் காட்டிக்கொடுத்தான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவன் வந்தது உங்களைப் பிடிக்க இல்லை. கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முடிச்சுக்கூடப் போடாமல் நீங்கள் ஓடினீர்கள். அது சறுக்கிக்கொண்டிருந்தது. பாய்ந்து பிடித்ததில் அவன் இரண்டு உள்ளங்கையும் கிழிந்தது. குஞ்சுகள் கிடந்த துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடியே பிள்ளை மேலே வந்தாள்.

மாமா எப்படிச் சரியான நேரத்துக்கு வந்தீங்க என்று பிறகு அவனிடம் கேட்டாள். காட்டிலாகாவுக்கு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன், அதான் அவங்ககூடவே வந்தேன் என்று என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். அது ஊருக்கெல்லாம் தெரிந்து உங்கள் காதுக்கும் வந்துவிட்டது. ஆனால் அவன் அன்றிலிருந்து இன்றுவரை என் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. மத்தி மீனை வாழையிலையில் சுற்றி வாசலில் நின்று அவளை மட்டும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஜாடிக்கேற்ற மூடி என்று நம் நிக்காஹ் அன்று உங்கள் மாமி சொன்னது சரிதான். அவனுக்கு அது தெரிந்துவிட்டது.

ஆகவே அவனை விட்டுவிடுங்கள். என் தம்பி என்பதற்காகக் கேட்கவில்லை. நம் இரண்டு பேரில் யாருமே பிடிக்காத கயிற்றைப் பிடித்தவன் அவன் ஒருவன்தான்.

நோன்புக்கு முன்னால் வருகிறீர்கள். வாருங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன், எங்கும் ஓட மாட்டேன். கதவுக்குத் தாழ் போட மாட்டேன். நௌஷிதாவை அன்று சலாவுதீன் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். என்ன செய்ய வேண்டுமோ என்னைச் செய்யுங்கள். அக்கம்பக்கம் கேட்கக் கத்தவும் மாட்டேன்.

ஒன்றே ஒன்று. அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்களுக்கு இப்போது நல்ல ஆயுதம் கிடைத்துவிட்டது, எனக்குத் தெரியும். உன் உம்மாதான் போன் பண்ணினாள், தெரிந்துதான் உன்னை அனுப்பினாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், துடுப்பே வேண்டாம். எழுத உட்கார்ந்தபோதிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நானும் ஒன்று வைத்திருக்கிறேன். கயிறு ஒரு ஆள் உயரம் சறுக்கியதே ஏன் என்று அவள் என்னிடம் கேட்டாள். வாப்பாவை அவங்க பிடிச்சு இழுத்ததால நழுவிடுச்சும்மா, வாப்பா கடைசி வரைக்கும் விடலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்பியிருக்கிறாள். உங்கள்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை மட்டும் நம்புகிறாள். உங்கள் கடிதங்களை வாசித்துக் காட்டுவதே அதனால்தான்.

தூண்டில் முள் என்ற உங்கள் பொய்யை மூன்று வருஷம் நான் சுமந்துவிட்டேன். என் பொய்யை இனி நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். பிள்ளைக்குப் பதினாலு வயதுதான் ஆகிறது. மேலே வாப்பா பிடித்திருந்தார், வீட்டில் உம்மாவுக்கு அந்தப் போனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவள் இருந்துவிட்டுப் போகட்டும்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். எனக்கும் தரட்டும். நாம் இரண்டு பேரும் எதையும் மறக்காமல் இருக்க வேண்டும்.

சுல்ஃபத்