மூணாவது பிளக்

அண்ணா,

நீ அசந்து தூங்குற, எழுப்பத் தைரியம் வரல. அதான் எழுதி, லாரி சாவி மாட்டுற ஆணியில குத்தி வெச்சிட்டுப் போறேன். சாவியைத் தேடாத, என்கிட்டதான் இருக்கு. கத்தாம முழுசாப் படி.

நேத்து நம்ம லாரிக்கு பிளக் மாத்துறப்ப, இன்ஜின் ஆறுறதுக்குள்ள மூணாவது பிளக்கைக் கழட்டிட்டேன். "ஒரு பிளக்குக்கு இன்னாடா இவ்ளோ நேரம், கம்பெனியில தோல் ஏத்தணும்"னு நீ தலைமேல நின்ன. பிளக்கோட சேர்ந்து இன்ஜின் ஹெட்டுல இருந்த மரையும் உரிஞ்சு வந்துடுச்சு. அலுமினிய ஹெட்டைச் சூட்டோட தொடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? பயத்துல மிச்சம் இருந்த மரையில ஒட்டுற பேஸ்ட்டைத் தடவி முடுக்கிட்டு, "ஆச்சுண்ணா"னு சொல்லிட்டேன்.

லோடோட போனா பள்ளிகொண்டா தாண்டுறதுக்குள்ள அந்த பிளக் தெறிச்சு வெளிய வந்துடும். வண்டி ஓடுறது கேஸ்ல, தீப்புடிச்சுக்கும். ஹெட்டு போனாப் போவுது, நீ அதுக்கு மேலதான உட்கார்ந்திருப்ப.

வேலூர் போய் புது மரை போடுற ஆளைக் கையோட கூட்டிட்டு வர்றேன். பதினோரு மணிக்குள்ள வந்துடுவேன். கம்பெனிக்கு போன் பண்ணி, தம்பி கெடுத்துட்டான்னே சொல்லு.

அண்ணி டூட்டிக்குப் போய்ட்டாங்க. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாப்ட்டுட்டு அப்புறமா திட்டு.

ஷாஜின்

இன்னொரு சாவி உன் பைபிள் உறைக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும். அதை நான் எடுக்கலண்ணா.