தர்சினிக்கு ஒரு பட்டம்

பெப்ரவரி 8, ஞாயிறு

தர்சினி முடிவு செய்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் கணிதமும் மொழியியலும், இரண்டும் மேஜர், அதாவது முதன்மைப் பாடம். மூன்று வருடம், ஒரே சயன்ஸ் பட்டம். நான் கேட்டது கொமர்ஸையும் சேர்த்து இரட்டைப் பட்டம். ஒரு வருடம்தானே கூட என்றேன்.

"விருப்பமில்லாததை ஏன் படிக்க வேணும், அம்மா?"

மொழியியல் படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவாள்?

பெப்ரவரி 14, சனி

சிநேகிதி சுஜீவா வீட்டில் பிறந்தநாள் விருந்து. அவளுடைய மகன் சட்டமும் பொறியியலும் படிக்கிறான். எல்லோரும் அதையே கதைத்தார்கள். "உங்கட மகள் என்ன செய்யப்போறா?" என்று சுஜீவா கேட்டாள்.

"அவளும் டபிள் டிகிரிதான். சயன்ஸும் கொமர்ஸும்."

எப்படிச் சொன்னேன்? திரும்பினால் குசினி வாசலில் தர்சினி, கையில் கேக் தட்டுகளோடு. எல்லோருக்கும் கொடுத்தாள். கிரான்பர்னில் எங்கள் வீட்டுக்கு வந்து காரைவிட்டு இறங்கும்போதுதான் கேட்டாள்: "என்னைப் பற்றி உண்மையைச் சொல்ல உங்களுக்கு வெக்கமா?"

பெப்ரவரி 15

ஓம், அப்ப வெக்கமாத்தான் இருந்தது. இப்ப என்னை நினைக்கத்தான் வெக்கமாக் கிடக்கு.

பெப்ரவரி 19

கொமர்ஸையும் சேர்த்துவிட்டாள். "நீங்கள் சுஜீவா அன்ரியிட்டப் பொய் சொன்னதா இருக்கக் கூடாது" என்றாள். குரலில் கோபமே இல்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை எழுதவே கை கூசுகிறது.

மார்ச் 5

வகுப்புகள் தொடங்கிவிட்டன. மொழியியல் இருந்த இடத்தில் இப்போது கணக்கியல். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். கேட்டால், "ஓகேதான்."

தர்சினியின் அப்பா என்னிடம் சொன்னார்: "பாடம் மாத்துறதெண்டால் இன்னும் ஒரு கிழமைதான் கிடக்கு. நீர் தொடக்கினது, நீர்தான் முடிக்க வேணும்."

மார்ச் 7

தனியாகச் சுஜீவா வீட்டுக்குப் போனேன். "தர்சினி ஒரு டிகிரிதான் செய்ய விரும்பினவள். நான் அண்டைக்குப் பொய் சொன்னனான். அதுக்காகத்தான் பிள்ளை கொமர்ஸ் எடுத்தவள்."

சுஜீவா எழும்பினாள். "தேத்தண்ணி போடட்டோ?" என்றாள். அவள் முகத்தைப் பார்க்காமலே குடித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து தர்சினியிடம் சொன்னேன்.

"நீங்களாப் போய்ச் சொன்னீங்களோ?"

"ஓம். இனி உன்ர விருப்பம்."

அறைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 10

கொமர்ஸை விட்டுவிட்டாளாம். அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

மார்ச் 18

சாப்பிட்டு முடிந்ததும் மொழியியல் வகுப்பைப் பற்றி அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: ழகரம் சொல்லும்போது நாக்கு எங்கே வளைகிறது என்று. நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. குழாயை மூடினேன்.

தர்சினி திரும்பிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.